சுருதி நழுவிய இரவு



சென்ற மாதம் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று ஒரு பங்கின் பாடற்குழுவினர் எழுதியது. "புதிய தந்திகள் மாட்டியும் எங்கள் கித்தார் ஒரு பாடல் முடிவதற்குள் சுருதி இறங்கிவிடுகிறது. கருவியே பழுதாகிவிட்டது என்கிறார்கள் சிலர். புதிய கித்தார் வாங்க வீடுவீடாகப் பணம் திரட்டலாமா?" என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். பணம் திரட்டப் புறப்படுமுன், தந்திகள் பிரடையில் எவ்வாறு சுற்றப்பட்டிருக்கின்றன என்பதை ஒருமுறை உற்றுப் பாருங்கள் என்பதே நமது விடை. இவ்விடையை நாம் அறிந்துகொண்ட விதம் நமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும், பிறருக்குப் பயன்படும் என்பதால் மறைக்காது சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு கடற்கரைப் பங்கில் பணியாற்றினோம். உப்புக் காற்று எஃகை விட்டுவைப்பதில்லை. பாடற்குழுவின் கித்தார்த் தந்திகள் ஆறும் துருவேறிக் கறுத்திருந்தன. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு இரண்டு நாள் இருக்கையில், ஒருவர் நகரிலிருந்து புதிய தந்திக் கட்டு ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். கித்தார் வாசிப்பவன் பதினேழு வயது இளைஞன். மீனவர் ஒருவரின் மகன். எவரிடமும் முறையாகப் பயிலாமல், கேட்டுக் கேட்டே தேறியவன். "சுவாமி, நாளை மாலை நான் வந்து மாட்டிவிடுகிறேன்" என்றான். நாமோ, "வேண்டாம் தம்பி, நீ குடில் வேலையைப் பார். குருமடத்தில் நாமும் கித்தார் வாசித்தவர்தாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

வாசித்தோம் என்பது உண்மையே. ஆனால் குருமடத்தில் வாசித்தவர் நாம். தந்தி மாட்டியவர் வேறொருவர். ஆண்டுகள் பல கடந்த பின், மாட்டியதும் நாமே என்பதுபோல மனம் நம்பிவிட்டது. அன்றிரவு உணவுக்குப் பின் அமர்ந்து, ஒரு மணி நேரத்தில் ஆறு தந்திகளையும் மாட்டினோம். மீட்டிப் பார்த்தால் ஒலி இனிமையாகத்தான் இருந்தது. நம்மை நாமே மெச்சிக்கொண்டு உறங்கச் சென்றோம்.

நள்ளிரவுத் திருப்பலி தொடங்கிற்று. வானவர் கீதம் எடுத்தவுடன் மூன்றாம் தந்தி இறங்கிற்று. இளைஞன் குனிந்து திருகினான். அடுத்த அடியிலேயே முதல் தந்தியும் இறங்கிற்று. சிறுமியர் எந்தச் சுருதியைப் பற்றுவது என்று தெரியாமல் இரண்டாகப் பிரிந்து பாடினர். பிறகு பாட்டே நின்றது. ஆலயம் நிறைந்த மக்கள் திரும்பிப் பார்த்தனர். எஞ்சிய பாடல்களைக் கருவியின்றியே பாடி ஒருவாறு முடித்தனர்.

திருப்பலி முடிந்தபின் பாடற்குழு முழுவதும் கூடியிருக்க, நாம் அவனிடம், "ஒரு கருவியைச் சுருதி சேர்த்து வைக்கக்கூடத் தெரியாதவனுக்கு அதைக் கையில் எடுக்க என்ன தகுதி?" என்று கடிந்து பேசினோம். அவன் நம்மை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. கித்தாரை உறையிலிட்டுச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனான். புத்தாண்டுத் திருப்பலிக்குப் பாடற்குழுவில் அவன் இல்லை. திருக்காட்சி விழாவிலும் இல்லை.

சனவரி நடுவில், ஆர்மோனியம் பழுதுபார்க்க ஒரு பெரியவர் வந்தார். வீணை, வயலின், கித்தார் என்று எல்லாவற்றையும் சீர் செய்பவர். கித்தாரையும் பார்க்கச் சொன்னோம். அவர் அதை மடியில் கிடத்தி, தலைப்பகுதியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "சுவாமி, கருவியில் ஒரு குறையும் இல்லை. இந்தத் தந்திகளை மாட்டியவர் யார்?" என்று கேட்டார். நாம் சற்றுத் தயங்கி, "நாம்தாம் ஐயா" என்றோம். அவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் இப்படி வந்து உட்காருங்கள்" என்றார். அன்று அவர் நமக்குச் சொன்னவற்றையும், அதன்பின் நாம் படித்தும் செய்தும் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே தருகிறோம்.

கித்தாரின் தலையில் வீணைக்காரர்கள் பிரடை என்று சொல்லும் உறுப்புகள் ஆறு உள்ளன. கித்தார்க்காரர்கள் அவற்றைக் 'கீ' என்பர். வெளியே நாம் திருகுவது அதன் காது. உள்ளே தந்தியைச் சுற்றிக்கொள்வது அதன் தண்டு. வீணையிலும் வயலினிலும் பிரடை மரத்தின் உராய்வினாலேயே நிற்கிறது. கித்தாரிலோ காதிற்கும் தண்டிற்கும் இடையே ஒரு மரைத் திருகும் பற்சக்கரமும் இருக்கின்றன. பல கருவிகளில் காதை 14 முறை திருகினால்தான் தண்டு ஒரு முறை சுற்றும். சிலவற்றில் 18 முறை. தந்தி எவ்வளவு இழுத்தாலும் இத்திருகு தானாகப் பின்னோக்கிச் சுழலாது. எனவே சுருதி இறங்கினால் பிரடையைப் பழிப்பது பெரும்பாலும் தவறு. தண்டு அசையாமல் நிற்க, தண்டின்மேல் சுற்றிய தந்தியே நழுவுகிறது.

எவ்வளவு நழுவினால் எவ்வளவு சுருதி இறங்கும்? எஃகுத் தந்தி மிகக் குறைவாகவே நீளக்கூடியது. மெல்லிய எஃகுத் தந்தியைத் தளர்ந்த நிலையிலிருந்து தன் சுருதிக்குக் கொண்டுவரும்போது அது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான் நீளுகிறது. ஆதலின் அரை மில்லிமீட்டர் அளவு நழுவினாலே ஏறக்குறைய அரைச் சுரம் இறங்கிவிடும். தடித்த தந்திகளில் இதைவிடக் குறைந்த நழுவலே போதும். ஒரு அரிசியின் தடிமன்கூட இல்லாத நழுவல் ஒரு பாடற்குழுவை நிறுத்திவிடும் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

இழுக்கும் விசையோ சிறிதன்று. வழக்கமான எஃகுத் தந்திக் கட்டு ஒன்று, ஆறும் சேர்ந்து, 70 கிலோவுக்கு மேற்பட்ட எடையின் விசையோடு இழுக்கிறது; வளர்ந்த ஆள் ஒருவர் கித்தாரின் தலையைப் பிடித்துத் தொங்குவதற்கு ஒப்பாகும். நைலான் தந்திகளின் இழுப்பு ஏறத்தாழ அதில் பாதி. ஆதலால்தான், நைலானுக்கெனச் செய்த கித்தாரில் எஃகுத் தந்தியை ஒருநாளும் மாட்டலாகாது. குதிரை எனப்படும் கீழ்ப்பாலம் பெயர்ந்துவிடும், மேற்பலகை வளைந்துவிடும்.

இனி, சுற்றும் முறைகளைக் காண்போம்.

முதலாவது, யாவரும் கைக்கொள்ளும் பொது முறை. தந்தியின் கீழ்முனையைக் குதிரையில் உறுதியாகப் பொருத்திய பின், மேல்முனையைத் தண்டின் துளைவழியே செலுத்தி நன்கு இழுக்க வேண்டும். பிறகு சற்றே பின்தளர்த்த வேண்டும். எவ்வளவு? தண்டின் குறுக்களவு சுமார் 6 மில்லிமீட்டர். ஆகவே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தந்தி செல்லும். நமக்கு வேண்டியது இரண்டரைச் சுற்று. ஆகவே 5 சென்டிமீட்டர் தளர்வு போதும். மெல்லிய முதலிரு தந்திகளுக்கு ஒன்றிரண்டு சுற்று கூடுதலாக இருக்கலாம். அளவுகோல் இல்லாதவர்கள், தந்தியை அடுத்த பிரடையைச் சற்றே தாண்டும் இடத்தில் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தை மாட்டவேண்டிய தண்டுவரை பின்னிழுத்தால் இத்தளர்வு கிடைத்துவிடும்.

சுற்றும் திசை முக்கியமானது. இருபுறமும் மும்மூன்று பிரடை உள்ள கித்தாரை முகம் நம்மை நோக்க நிறுத்தினால், இடப்புறத் தண்டுகள் கடிகார முள்ளுக்கு எதிராகவும், வலப்புறத் தண்டுகள் கடிகார முள்ளின் திசையிலும் சுழல வேண்டும். அப்போதுதான் எல்லாத் தந்திகளும் தண்டுகளின் உட்பக்கமாக ஏறும். நாம் மாட்டிய ஐந்தாம் தந்தி வெளிப்பக்கமாக ஏறியிருந்ததைப் பெரியவர் விரலால் தொட்டுக் காட்டினார். ஆறு பிரடையும் ஒரே வரிசையில் உள்ள கருவிகளில் எல்லாம் ஒரே திசையில் சுழலும்.

முதற்சுற்று, துளையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிக்கு மேலே செல்லட்டும். அடுத்த சுற்றுகள் அந்நுனிக்குக் கீழே, ஒன்றன்கீழ் ஒன்றாக, தலைப்பலகையை நோக்கி இறங்கட்டும். அப்போது நுனி இரு சுற்றுகளுக்கிடையே சிக்கிக்கொள்ளும். தந்தி தன்னைத்தானே நெருக்கிப் பிடிக்கும். சுற்றுகள் கீழ்நோக்கி இறங்குவதால், கழுத்தின் உச்சியிலுள்ள சிறு பாலத்தின்மேல் தந்தி நன்கு அழுந்தி நிற்கும், அதிர்ந்து கரகரக்காது. சுற்றும்போதெல்லாம் மறுகையால் தந்தியை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். தளர்ந்த சுற்றுகள் பின்னர் இறுகும். இறுகும்தோறும் சுருதி இறங்கும்.

சுற்று குறைந்தால் நழுவும் என்று எவரும் அறிவர். மிகுந்தாலும் தீங்கு என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. முதல் தந்தியில் நாம் பதினோரு சுற்றுச் சுற்றியிருந்தோம். இடம் போதாமல் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்திருந்தன. "சுவாமி, இது நூற்கண்டு, தந்தி அன்று" என்றார் பெரியவர். குவியலின் மேற்சுற்று கீழ்ச்சுற்றுகளிடையே சரியும்போதெல்லாம் சுருதி மாறும். மூன்றாம் தந்தியிலோ ஒரே சுற்று. அதுவும் நுனிக்கு எந்தப் பிடிப்பும் இல்லாமல். அன்றிரவு முதலில் நழுவியதும் அதுவே.

இரண்டாவது, பூட்டு முறை. தந்தியைத் துளைவழியே செலுத்தி, சிறிது தளர்வு விட்டபின், வெளிவந்த நுனியைத் தண்டு சுழலவேண்டிய திசைக்கு எதிராக வளைத்துக் கொண்டுவர வேண்டும். அதைத் தந்தியின் அடியில் நுழைத்து, மேலே தூக்கி, தந்தியின்மேல் மடித்து அழுத்த வேண்டும். பிறகு சுற்றத் தொடங்கினால் தந்தி அம்மடிப்பின்மேல் ஏறி அழுத்தும். இழுக்க இழுக்க இறுகும். ஒன்றிரண்டு சுற்றே போதும். வழுக்கும் தன்மையுள்ள மெல்லிய எஃகுத் தந்திகளுக்கு இது மிக ஏற்றது. குறையும் உண்டு. கழற்றும்போது மடிப்பு எளிதில் விடாது. கூரிய நுனி விரலைக் குத்தும். நடு நிகழ்ச்சியில் தந்தி அறுந்தால் விரைந்து மாற்றுவது கடினம். சுற்றுக்கம்பி போர்த்திய தடித்த தந்திகளுக்கு இப்பூட்டு தேவைப்படுவதில்லை. அவற்றின் சொரசொரப்பே அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, பிளவுத் தண்டு. சில மின்கித்தார்களில் தண்டின் உச்சி பிளந்திருக்கும். நடுவில் செங்குத்தாக ஒரு குழி இருக்கும். அடுத்த இரண்டு பிரடைகளின் தொலைவு அளவுக்குத் தந்தியைக் கூடுதலாக விட்டு வெட்டி, நுனியைக் குழிக்குள் இறக்கி, பிளவின்வழியே செங்கோணமாக மடித்துச் சுற்ற வேண்டும். நுனி வெளியே தெரியாது, கையையும் கிழிக்காது. ஆனால் இங்கே முதலில் வெட்டிவிட்டுப் பிறகு சுற்ற வேண்டியிருப்பதால், அளவு தவறினால் தந்தி வீண். தடித்த தந்தியை முதலில் செங்கோணமாக மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுக. மடிக்காமல் வெட்டினால் மேற்சுற்றுக் கம்பி உள்நாணிலிருந்து தளர்ந்து, தந்தி ஒலியிழந்துவிடும்.

நான்காவது, பிடித்திறுக்கும் பிரடை. தண்டினுள் ஒரு சிறு முளை இருந்து, பின்னாலுள்ள திருகை இறுக்கியதும் தந்தியைக் கவ்விக்கொள்ளும். அரைச் சுற்றே போதும். சில நேரம் அதுவும் வேண்டாம். வசதியானது, விலையும் கூட. பங்குக் கித்தாருக்கு இது இன்றியமையாததன்று. முறையாகச் சுற்றிய சாதாரணத் தண்டே சுருதியைக் காக்கும்.

ஐந்தாவது, நைலான் தந்தி. இக்கருவிகளின் தலையில் நீண்ட இரு பிளவுகள் இருக்கும். தண்டுகள் அவற்றின் குறுக்கே உருளைகள்போல் கிடக்கும். தந்தியை உருளையின் துளைவழியே செலுத்தி, நுனியைப் பின்புறமாக வளைத்து, தந்தியின் அடியில் ஒருமுறை நுழைத்துப் பின் சுற்றுதல் வேண்டும். மெல்லிய தந்திகளைத் துளையில் இருமுறை செலுத்துவோரும் உண்டு. கீழே குதிரையிலும் முடிச்சுத் தேவை. துளைவழியே பின்னால் வந்த நுனியை மேலே வளைத்து, தந்தியின் அடியில் கொண்டுபோய், தன்மீதே முறுக்க வேண்டும். தடித்த மூன்றுக்கு ஓரிரு முறுக்கும், வழுக்கும் மெல்லிய மூன்றுக்கு மூன்று முறுக்கும் போதும். கடைசி முறுக்கு குதிரையின் மேல்விளிம்பிலன்றிப் பின்விளிம்புக்கு அப்பால் அழுந்தி நிற்பது இன்றியமையாதது. அவ்வாறில்லையேல் ஒருநாள் முடிச்சு விடுபட்டு, நுனி சவுக்குப்போல் அடித்து, மேற்பலகையில் வடுப் பதித்துவிடும்.

நைலான் தந்தி கித்தாருக்கு வந்ததும் ஒரு வரலாறே. அதற்குமுன் ஆட்டுக்குடலைத் திரித்தே தந்தி செய்தனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், அறுவை மருத்துவத் தையலுக்கு வேண்டியிருந்தமையால் குடல்நூல் அரிதாயிற்று. அப்போது நியூயார்க்கிலிருந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கருவி செய்வோர் நைலான் இழையைத் தந்தியாக்கிச் சோதித்தார். இசுபானிய இசைமேதை ஆந்த்ரேஸ் செகோவியா (1893–1987) அதனை ஏற்று ஆதரித்தபின் உலகெங்கும் பரவிற்று. எஃகுத் தந்தி பெருகியது அமெரிக்காவில். கிறிஸ்டியன் பிரெடெரிக் மார்ட்டின் என்ற செருமானியக் கைவினைஞர் 1833-இல் அங்குக் குடியேறினார். அவர் வழிவந்த நிறுவனம் பென்சில்வேனியாவில் நாசரேத்து என்னும் பெயருடைய ஊரில் இன்றும் இயங்குகிறது. அங்குக் கட்டப்பட்ட கித்தார்கள் 1920-களில் எஃகுத் தந்தியின் இழுப்பைத் தாங்குமாறு உறுதியாக்கப்பட்டன.

கித்தார் ஆலயத்திற்கு அந்நியம் என்று எண்ணும் மூத்தோர் சிலர் இன்னும் உளர். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவோம். 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நகரை அடுத்த ஓபெர்ன்டோர்ப் என்ற சிற்றூரில், துணைக் குருவான யோசப் மோர் தாம் 1816-இல் எழுதிய பாட்டு ஒன்றை ஆசிரியர் பிரான்ஸ் சேவியர் குரூபரிடம் கொடுத்து, இரு குரலுக்கும் கித்தாருக்கும் ஏற்ப இசையமைக்கக் கேட்டார். அன்றிரவே புனித நிக்கோலாசு ஆலயத்தில், குருவானவர் கித்தார் மீட்ட, இருவரும் பாடினர். உலகம் முழுவதும் இன்று பாடும் 'சைலண்ட் நைட்' அதுவே. எலிகள் ஆர்கனின் துருத்தியைக் கடித்துவிட்டன என்று பலர் சொல்லும் கதைக்குச் சான்றில்லை. அந்தக் கித்தாரோ ஹல்லைன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. 1963 டிசம்பர் 4-இல் வெளிவந்த வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடும், குழல் ஆர்கனுக்குத் தனிமதிப்பு அளித்த கையோடு, தகுதியான பிற கருவிகளுக்கும் இடம் தந்திருக்கிறது. தகுதி என்பதில் சுருதி நிற்பதும் அடங்கும் அன்றோ?

பெரியவரிடம் பாடம் கேட்டு முடிந்தபின் நமக்கு உறக்கம் வரவில்லை. கித்தாரைச் சீர் செய்தாயிற்று. ஆனால் பலர் முன்னிலையில் ஒரு பிள்ளையை வருத்திய சொல்லை எந்தப் பிரடையில் சுற்றித் திருப்புவது? மறுநாள் மாலை அவன் வீட்டிற்குச் சென்றோம். தந்தையார் திண்ணையில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்தார். தாயார் பதறி எழுந்து, "சுவாமி, சொல்லியனுப்பியிருந்தால் நாங்களே வந்திருப்போமே" என்றார். இளைஞன் கதவோரம் வந்து நின்றான்.

"தம்பி, அன்று தவறு உன்னுடையதன்று, தந்தி மாட்டியது நாம், மாட்டத் தெரியாமல் மாட்டினோம். பழியை உன்மேல் போட்டோம். எம்மைப் பொறுத்துக்கொள்" என்றோம்.

அவன் தலைகுனிந்தவாறே, "எனக்குத் தெரியும் சுவாமி" என்றான். "திருப்பலிக்கு முன்னே பிரடையைப் பார்த்தேன். மாற்றிச் சுற்ற நேரமில்லை."

"அப்படியானால் நாம் கடிந்தபோது ஏன் சொல்லவில்லை?"

"எல்லாரும் நின்றார்கள் சுவாமி. சுவாமிதான் மாட்டினார் என்று அத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது?"

அவனைக் காக்கவேண்டிய நாம் அத்தனை பேர் முன்னிலையில் அவனைத் தாழ்த்தினோம். அவனோ அதே பேர் முன்னிலையில் நம்மைக் காத்துவிட்டான். நாம் சிறிது நேரம் பேச இயலாமல் இருந்தோம். அமைதியைக் கலைத்தவர் தந்தையார். "கொடு பார்க்கலாம்" என்று நாம் கொண்டு சென்ற கித்தாரை வாங்கித் தலைப்பகுதியைப் பார்த்தார். பெரியவர் மூன்றாம் தந்தியில் இட்டிருந்த பூட்டைக் கண்டதும், "இது நாங்கள் தூண்டிலுக்குப் போடும் முடிச்சின் உறவு அல்லவா? மீன் இழுக்க இழுக்க இறுகும். இதைத்தான் இவன் சிறுவயதிலேயே கற்றானே" என்றார். நகரில் தேடிய கலை நமது பங்கின் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் இருந்தது. நாம்தான் கேட்கவில்லை.

பலர் முன் சொன்ன கடுஞ்சொல்லுக்குத் தனியே கேட்ட மன்னிப்புப் போதாது என்று மனம் உறுத்திற்று. அடுத்த சனிக்கிழமை ஒத்திகையின்போது, பாடற்குழு முழுவதும் இருக்க, நடந்ததை நடந்தவாறே சொன்னோம். சிறுமி ஒருத்தி, "சுவாமிக்குமா தெரியாது?" என்று உரக்கவே கேட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தனர், அவனும் சிரித்தான். அவன் சிரித்ததைக் கண்டபின்தான் நமது நெஞ்சு இறுக்கம் தளர்ந்தது.

மடல் எழுதிய பாடற்குழுவினருக்கு இன்னும் சில சொற்கள். ஆறு தந்திகளையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டினால் கழுத்தின் இழுப்பும் நிலைத்திருக்கும். அடுத்த தந்தி உங்களுக்கு மாதிரியாகவும் இருக்கும். பழைய தந்தியை முழு இறுக்கத்தில் வெட்டாதீர்கள், தளர்த்தியபின் வெட்டுங்கள். எஃகு நுனி கண்ணில் பட்டால் கேடு. சிறுவர்களை அருகில் நிற்க விடாதீர்கள்.

மாட்டியதும் தந்தியை நடுவில் பிடித்து மெல்ல மேல்நோக்கி இழுத்து, மீண்டும் சுருதி சேருங்கள். நாலைந்து முறை இவ்வாறு செய்தால் சுற்றுகள் இறுகி, எஃகுத் தந்தி நிலைபெறும். நைலான் தந்தி நிலைபெற நாட்கள் சில ஆகும். ஆகவே விழாவுக்கு முந்திய நாள் அதை மாட்டாதீர்கள். சுருதி சேர்க்கும்போது எப்போதும் கீழிருந்து மேலேற்றுங்கள். மிஞ்சிவிட்டால் கீழே இறக்கி மறுபடி ஏற்றுங்கள். இறக்கியவாறே விட்டால் பற்சக்கரத்தின் சிறு இடைவெளி பின்னர் நழுவலாகும். கழுத்துச்சிப் பாலத்தின் பள்ளங்களில் தந்தி சிக்கி 'டிக்' என்று ஒலித்தால், பென்சில் முனையை அங்கே தேய்த்தால் போதும். தந்தி தடையின்றி நகரும்.

கடைசியில், மிஞ்சிய நுனியைச் சுருதி சேர்ந்த பின்னரே, சில மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடையுங்கள்; கடற்கரைப் பங்குகளில் இது கட்டாயம். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலிகள் இன்று உள்ளன. அவை தந்தி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும். ஏன் நிற்கவில்லை என்பதைச் சொல்ல மாட்டா. அதற்குப் பிரடையைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒன்று. வீட்டிலோ பள்ளியிலோ பிள்ளை ஒருவன் 'சுருதி தவறும்போது', முதலில் கடிய வாய் துடிக்கிறது. அந்தத் தந்தியைச் சுற்றிய கை யாருடையது என்று ஒரு கணம் நின்று பார்ப்பது நல்லது. பல வேளைகளில் அது நமது கையாகவே இருக்கும்.

நாம் அப்பங்கைவிட்டு மாறி வந்து ஆண்டுகள் சில ஆகின்றன. அங்கிருந்த எஞ்சிய காலமெல்லாம், தந்தி மாற்றும் நாள் வந்தால் அவன் கித்தாரை மடியில் வைத்துக்கொள்வான். நாம் எதிரே அமர்ந்து விளக்கைப் பிடித்துக்கொள்வோம். "சுவாமி, ஒன்று நீங்கள் சுற்றுங்கள்" என்று மூன்றாம் தந்தியை மட்டும் நம்மிடம் கொடுப்பான். சுற்றி முடித்ததும் வாங்கிப் பார்த்து, "நிற்கும் சுவாமி" என்பான்.

அது நின்றது.